லேப்டாப் திரை: எந்தக் கம்பெனி பேனல் நல்லது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் 14 ஆண்டுகளாக லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் திரையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பழுதுக்காக வருபவருக்கும் புதிதாக வாங்கப் போகிறவருக்கும் பயன்படும்.

ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடல் லேப்டாப் இரண்டு வாங்கினோம். ஒன்று பளிச்சென்று இருக்கிறது, மற்றது சோகை பிடித்ததுபோல் வெளிறிக் கிடக்கிறது. மங்கலாக இருப்பது போலிச் சரக்கா?

போலி இல்லை. இரண்டும் அசல்தான். லேப்டாப் விற்கும் கம்பெனிகள் அநேகமாகத் திரைப் பேனலைத் தாங்களே செய்வதில்லை. வெளியே இரண்டு மூன்று பேனல் கம்பெனிகளிடம் வாங்கி, கையிருப்பைப் பொறுத்து ஒரே மாடலுக்குள் மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள். பெட்டியின் மேல் '15.6 அங்குலம், ஃபுல் எச்டி' என்று மட்டும் அச்சிட்டிருக்கும். முன்னது திரையின் அளவு, பின்னது 1920 x 1080 புள்ளிகள் என்ற கணக்கு. அந்த இரண்டு விவரத்துக்கும் இரண்டு பேனலும் பொருந்தும். மற்ற எதற்கும் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கல்லூரியில் படிக்கும் தம் இரண்டு மகள்களின் லேப்டாப்புகளோடு வந்தார். மூத்தவளுக்கு நல்லதும் இளையவளுக்கு மட்டமானதும் வாங்கிக் கொடுத்துவிட்டதாக வீட்டில் வருத்தம். இரண்டையும் அருகருகே வைத்து ஒரே புகைப்படத்தைத் திறந்தேன். ஒன்றில் வேப்பிலை பச்சையாக இருந்தது. மற்றதில் காய்ந்த வேப்பிலை. இரண்டிலும் வெவ்வேறு கம்பெனிப் பேனல். அந்தத் தகப்பனார் செய்த தவறு எதுவும் இல்லை.

பேனல் செய்கிறவர்கள் யார் யார்?

உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரு கை விரல்களுக்குச் சற்று மேல்தான். சீனாவில் பிஓஇ, 1993இல் பெய்ஜிங்கில் தொடங்கியது. சீனாவிலேயே டிசிஎல் குழுமத்தின் சிஎஸ்ஓடி, குன்ஷான் நகரத்தின் ஐவிஓ. தைவானில் ஏயூஓ, இன்னோலக்ஸ். ஏயூஓ 2001இல் இரண்டு கம்பெனிகள் இணைந்து உருவானது. இன்னோலக்ஸ் 2010இல் சீமெய் கம்பெனியோடு இணைந்தது. அதனால்தான் இன்றைக்கும் இன்னோலக்ஸ் பேனலுக்குள் சீமெயின் குறியீடு ஒளிந்திருக்கிறது. கொரியாவில் எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே. ஜப்பானில் ஷார்ப், அது 2016 முதல் தைவானின் ஃபாக்ஸ்கான் குழுமத்தின் கையில் இருக்கிறது.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாம்சங் டிஸ்ப்ளே 2022இல் எல்சிடி, அதாவது பின்விளக்கோடு வரும் வழக்கமான திரை உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று அவர்கள் லேப்டாப்புக்குச் செய்வது பின்விளக்கு இல்லாத ஓஎல்இடி. ஆகவே 'புத்தம்புது சாம்சங் எல்சிடி பேனல்' என்று யாராவது விற்றால், அது பழைய இருப்பாகவோ வேறொரு லேப்டாப்பிலிருந்து கழற்றியதாகவோ இருக்கும்.

சரி, இவற்றில் எது சிறந்தது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தை: எண். கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள்.

இதை நான் நழுவுவதற்காகச் சொல்லவில்லை. மேலே சொன்ன ஒவ்வொரு கம்பெனியும் மலிவுப் பேனலும் செய்கிறது, உயர்தரப் பேனலும் செய்கிறது. பிஓஇயின் 15.6 அங்குலப் பேனல்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் எண் 'என்வி156எஃப்எச்எம்' என்றுதான் தொடங்கும். கோட்டுக்குப் பின்னால் ஒன்றில் 'என்48' என்றும் மற்றதில் 'என்61' என்றும் இருக்கும். முன்னது வண்ண அளவில் 45 சதவீதம், பின்னது 72 சதவீதம் (இந்தச் சதவீதத்தைப் பின்னால் விளக்குகிறேன்). ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே புள்ளிக் கணக்கு. கடைசி மூன்று எழுத்தில் எல்லாமே மாறிவிடுகிறது. 'பிஓஇ மட்டம், எல்ஜி உசத்தி' என்று சொல்வது, ஊர் பெயரைக் கேட்டுவிட்டு ஆளின் குணத்தைச் சொல்வதுபோல.

இருந்தாலும் பழக்கத்தில் கண்டதைச் சொல்கிறேன். மலிவு லேப்டாப்பில் வரும் பேனல் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே தரம். நடுத்தர விலைக்கு மேல் போகும்போதுதான் வேறுபாடு தலைகாட்டும். ஷார்ப் பேனல்கள் பெரும்பாலும் விலை உயர்ந்த லேப்டாப்புகளுக்கே போகின்றன. அதனால்தான் அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு வந்து சேர்ந்தது.

எண்ணை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை உண்டு. '156' என்றால் 15.6 அங்குலம், '140' என்றால் 14 அங்குலம். இது எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகு வரும் ஆங்கில எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது. அவற்றைத் தமிழ் ஒலியில் தருகிறேன்; ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே படித்தால் விளங்கும். டிஎன் என்பது கோணம் மாறினால் நிறம் கெடும் திரை வகை, ஐபிஎஸ் எந்தப் பக்கமிருந்தும் நன்றாகத் தெரியும் வகை; இரண்டையும் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஏயூஓவில் 'பி156எக்ஸ்டிஎன்' என்றால் 1366 x 768 புள்ளிகள், டிஎன் வகை. 'பி156எச்டிஎன்' என்றால் ஃபுல் எச்டி, ஆனால் அதுவும் டிஎன்தான். 'பி156எச்ஏஎன்' என்றால் ஃபுல் எச்டி, ஐபிஎஸ் வகை. நடுவில் 'டி' இருக்கிறதா 'ஏ' இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏயூஓ தன் ஐபிஎஸ் வகைக்கு 'ஏஎச்விஏ' என்று பெயர் வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 'விஏ' என்ற வேறு வகையோடு குழப்பிக்கொள்கிறார்கள். குழம்ப வேண்டாம், அது ஐபிஎஸ் குடும்பம்தான்.

பிஓஇயில் 'என்டி' என்று தொடங்கினால் டிஎன், 'என்வி' என்று தொடங்கினால் ஐபிஎஸ் போன்றது. பிறகு வரும் 'டபிள்யூஎச்எம்' 1366 x 768ஐயும் 'எஃப்எச்எம்' ஃபுல் எச்டியையும் குறிக்கும்.

எல்ஜியில் 'எல்பி156டபிள்யூஎச்' குறைந்த புள்ளி, 'எல்பி156டபிள்யூஎஃப்' ஃபுல் எச்டி. கோட்டுக்குப் பின் வரும் முதல் எழுத்து 'எஸ்' என்றால் ஐபிஎஸ், 'டி' என்றால் டிஎன்.

இன்னோலக்ஸில் 'என்156பிஜி' குறைந்த புள்ளி டிஎன், 'என்156எச்ஜி' ஃபுல் எச்டி டிஎன், 'என்156எச்சி' ஃபுல் எச்டி ஐபிஎஸ். ஒரே ஓர் எழுத்து, 'ஜி'யா 'சி'யா என்பது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். ஸ்டிக்கரில் எழுத்து மிகவும் சிறியது.

லேப்டாப்பைக் கழற்றாமல் எந்தப் பேனல் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர்ஸ் என்ற வரியை விரித்து, அதன் ப்ராபர்ட்டீஸுக்குள் டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று ஆங்கில எழுத்துகளும் அவற்றையடுத்து நான்கு குறியீடுகளும் தெரியும். அந்த மூன்றெழுத்துதான் கம்பெனி. பிஓஇ, ஏயூஓ, ஐவிஓ ஆகியவை தங்கள் பெயரிலேயே இருக்கும். 'எல்ஜிடி' என்றால் எல்ஜி டிஸ்ப்ளே. 'எஸ்டிசி' என்றால் சாம்சங். 'எஸ்எச்பி' என்றால் ஷார்ப். 'சிஎம்என்' என்றால் இன்னோலக்ஸ். முன்பு சொன்ன சீமெய் இங்கேதான் தங்கியிருக்கிறது. முழு மாடல் எண் வேண்டுமென்றால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் காட்டிவிடும்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். வாங்கி ஆறு மாதம் கழித்து வந்து 'என் திரை ஏன் மங்கல்' என்று கேட்பவருக்கு என்னால் காரணம் சொல்ல முடியுமே தவிர, பணத்தைத் திருப்பி வாங்கித் தர முடியாது.

டிஎன், ஐபிஎஸ், ஓஎல்இடி: எதை வாங்க வேண்டும்?

டிஎன் வேண்டாம். தலைக்கு நேர் எதிரே வைத்துப் பார்த்தால் ஒருவாறு தெரியும். கொஞ்சம் கீழிருந்து பார்த்தால் கறுத்து, நிறங்கள் தலைகீழாகும். நம் வீடுகளில் வீடியோ அழைப்பை ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து பேரன் பேசுகிறான் என்றால் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஐந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஐயா சாய்வு நாற்காலியில் ஒரு பக்கம், ஆயா தரையில் இன்னொரு பக்கம். தரையில் இருப்பவருக்கு டிஎன் திரையில் பேரன் முகம் வெறும் நிழல். ஐபிஎஸ் திரையில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முகம் முகமாகவே தெரியும்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிரும். கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். படம் பார்க்கவும் புகைப்பட வேலைக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் ஒரே படத்தை நாளெல்லாம் நிறுத்தி வைத்திருந்தால் நாளடைவில் அதன் தடம் பதியும். கடையில் பில் போடும் மென்பொருளைக் காலை முதல் இரவு வரை திறந்து வைத்திருப்பவருக்கு நான் ஓஎல்இடியைச் சொல்வதில்லை. இன்னொன்று, வெள்ளைப் பக்கத்தில் ஓஎல்இடி அதிக மின்சாரம் தின்னும். நாளெல்லாம் எழுத்து வேலை செய்பவருக்குப் பேட்டரியில் லாபம் இருக்காது.

'45 சதவீத என்டிஎஸ்சி', '100 சதவீத எஸ்ஆர்ஜிபி' என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. திரை வாங்குவதில் மிகவும் ஏமாறும் இடம் இதுதான்.

என்டிஎஸ்சி என்பது அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்காக 1953இல் வகுத்த அளவு. நம் ஊரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த அதே ஆண்டு. அந்தப் பழைய அளவுகோலைப் பேனல் கம்பெனிகள் இன்னும் விடவில்லை. எஸ்ஆர்ஜிபி என்பது 1996இல் கணினிகளுக்காக வந்தது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் தயாராகின்றன. 72 சதவீத என்டிஎஸ்சி என்றால் ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபி. 45 சதவீத என்டிஎஸ்சி என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதாவது படத்தில் இருக்கும் நிறத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரையால் காட்டவே முடியாது.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். கண்டாங்கிச் சேலைகளைப் படம் எடுத்து வெளியூருக்கு விற்கிறார். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியிலிருந்து நிறையப் பேர் கேட்பதாகச் சொன்னார். அவருடைய சிக்கல், வாங்கியவர்கள் 'நிறம் வேறாக இருக்கிறது' என்று சேலையைத் திருப்பி அனுப்பியதுதான். பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து மேசையில் விரித்தார். அரக்குச் சிவப்பு உடல், கடுகு மஞ்சள் கட்டம், அகலக் கரை. பக்கத்தில் லேப்டாப்பில் அதே சேலையின் படம். "தம்பி, இது அரக்கா செங்கலா, நீயே சொல்" என்றார். திரையில் இருந்தது செங்கல்தான். அரக்கின் ஆழம் போய், சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தது. கடுகு மஞ்சள் வெளிறிப் பழைய கோரைப் பாய் நிறத்துக்கு வந்திருந்தது. அதைச் சரிசெய்வதாக நினைத்து ஆச்சி மென்பொருளில் சிவப்பைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார். தம் திரையில் சரியாகத் தெரியும்வரை கூட்டிய படம், நல்ல திரை வைத்திருப்பவருக்கு ரத்தச் சிவப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவருடையது 45 சதவீதப் பேனல். அதே கனெக்டர், அதே அளவில் 72 சதவீதப் பேனல் ஒன்றை வரவழைத்து மாற்றினேன். திரையை ஏற்றிச் சேலையைப் பக்கத்தில் வைத்தபோது ஆச்சி கரையை விரலால் தடவி, திரையையும் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

ஆத்தங்குடிக் கல் செய்பவர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணக் கலவை ஊற்றிச் செய்யும் அந்தக் கல்லின் சிவப்பும் பச்சையும் 45 சதவீதத் திரையில் அடங்காது. நிற அமைப்பைத் திருகிப் பயனில்லை. திரையால் காட்ட முடியாத நிறத்தை மென்பொருளால் உண்டாக்க முடியாது.

வெளிச்சம் எத்தனை நிட் இருக்க வேண்டும்?

நிட் என்பது திரையின் பிரகாச அளவு. மலிவுப் பேனல் 220 முதல் 250 வரை. நடுத்தரம் 300. நல்லது 400க்கு மேல். குளிர்சாதன அறைக்குள் திரைச்சீலை போட்டு வேலை செய்பவருக்கு 250 போதும். நம் வீடுகளில் நடைமுறை அப்படியில்லை. பகலில் வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய நடையில் உட்காருகிறோம். தலைக்கு மேல் திறந்த வானம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசிய பழைய சுவர் கண்ணாடிபோல வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, தரையும் பளபளக்கிறது. அங்கே 220 நிட் திரை ஒரு கறுப்புக் கண்ணாடிதான். உங்கள் முகமும் பின்னாலிருக்கும் தூணும் தெரியும், எழுத்து தெரியாது. வளவில் வேலை செய்பவர் 300க்குக் கீழ் போகக் கூடாது; முடிந்தால் 400. 250க்கும் 300க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குக் கொஞ்சம்தான், 250க்கும் 400க்கும் உள்ளது நன்றாகவே தெரியும்.

பளபளப்புத் திரையைவிட மேட் திரை நல்லது. செலவில்லாத வழியும் ஒன்று இருக்கிறது: முற்றம் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ முகத்துக்கு நேராகவோ இல்லாமல், தோள் பக்கம் இருக்கும்படி திரும்பி உட்காருங்கள்.

தமிழ் எழுத்து படிக்க எத்தனை புள்ளி வேண்டும்?

15.6 அங்குலத்தில் 1366 x 768 என்றால் ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளி. ஃபுல் எச்டி என்றால் 141. அதே ஃபுல் எச்டி 14 அங்குலத்தில் 157. ஆங்கிலம் படிப்பவர் 100இல் காலம் தள்ளிவிடுவார். தமிழுக்கு அது பற்றாது. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியைப் பாருங்கள். 100 புள்ளித் திரையில் சிறிய எழுத்தாக வைத்தால் அது ஒரு சாம்பல் தூசியாக இருக்கும். 'கற்க' என்பதைக் 'கறக' என்று கண் படிக்கும். 'ண'வுக்கும் 'ன'வுக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு; அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பழைய நூல்களைச் சேர்ப்பதும் காப்பதும் இந்த மண்ணுக்குப் பழக்கம். கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்கள்தான் சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாயின. இன்றும் இங்கே வீட்டுக் கணக்கேடுகளையும் பழைய அச்சு நூல்களையும் ஸ்கேன் செய்து தட்டச்சு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிழை திருத்தும் வேலை செய்பவருக்கு ஃபுல் எச்டிக்குக் குறைந்து நான் எதையும் பரிந்துரைப்பதில்லை. 1920 x 1200 கிடைத்தால் இன்னும் நல்லது. கீழே கூடுதலாக நான்கைந்து வரிகள் தெரியும்.

சில திரைகளைப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் கண் எரிகிறது, தலை வலிக்கிறது. ஏன்?

பல காரணங்கள் இருக்கலாம். கண் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். திரை தரப்பில் நான் முதலில் பார்ப்பது மினுக்கு. வெளிச்சத்தைக் குறைக்கும்போது சில பேனல்கள் விளக்கின் ஒளியைக் குறைப்பதில்லை. அதை மிக வேகமாக அணைத்து ஏற்றுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடினால் மங்கலாகத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு இது உறைப்பதில்லை. சிலருக்குக் கண் பிடித்து இழுக்கும். பல ஓஎல்இடி திரைகளிலும் இது உண்டு.

சோதிக்க ஒரு தென்னை ஈர்க்கு போதும். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கால் பங்குக்குக் குறையுங்கள். திரைக்கு முன்னால் ஈர்க்கை விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். தொடர்ச்சியான மங்கல் நிழலாகத் தெரிந்தால் மினுக்கு இல்லை. தனித்தனி ஈர்க்குகளாக, சீப்புப் பல்போலப் பிரிந்து தெரிந்தால் இருக்கிறது. இருந்தால், வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு வேலை செய்து பாருங்கள். பல பேனல்களில் முழு வெளிச்சத்தில் மினுக்கு நின்றுவிடும்.

திரை உடைந்துவிட்டது. வேறு கம்பெனிப் பேனல் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஏயூஓ இருந்த இடத்தில் பிஓஇ போடலாம், எல்ஜி இருந்த இடத்தில் இன்னோலக்ஸ் போடலாம். கம்பெனி ஒத்துப்போக வேண்டியதில்லை; உடம்பும் வாயும் ஒத்துப்போக வேண்டும்.

உடம்பு என்பது அளவு. 15.6 அங்குலப் பேனல் எல்லாவற்றுக்கும் படம் தெரியும் பகுதி 344 x 194 மில்லிமீட்டர்தான். ஆனால் வெளிச் சட்டம் பழையதில் ஏறக்குறைய 360 மில்லிமீட்டர் அகலம், புதிய மெல்லிய சட்ட லேப்டாப்புகளில் 350. திருகு மாட்டும் காதுகள் சிலவற்றில் மேலும் கீழும் இருக்கும், சிலவற்றில் இடமும் வலமும் இருக்கும், சிலவற்றில் காதே இல்லாமல் ஒட்டு நாடாவில் நிற்கும்.

வாய் என்பது கனெக்டர். இப்போது வருபவை 30 அல்லது 40 'பின்' (தொடுமுனை) கொண்ட இடிபி, அதாவது மதர்போர்டிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் முறை. பழைய லேப்டாப்புகளில் எல்விடிஎஸ் என்ற வேறு முறை இருந்தது. அதிலும் 40 பின் உண்டு. எண் ஒன்றாக இருக்கிறதே என்று இதை அதில் செருகினால் பேனல் போகலாம், மதர்போர்டும் போகலாம். புதிய 40 பின்னிலும் வேறுபாடு இருக்கிறது: விநாடிக்கு 120, 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் (120, 144 ஹெர்ட்ஸ்) திரைகளுக்கு ஒன்று, தொடுதிரைக்கு வேறொன்று.

நீங்களே மாற்றுவதாக இருந்தால், தயவுசெய்து முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். லேப்டாப் அணைந்திருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பின்விளக்குக்கான மின்சாரம் அதே கேபிளில்தான் வருகிறது. கேபிள் சற்றே கோணலாக உட்கார்ந்தாலும் ஃப்யூஸ் போய்விடும். திரை மாற்றப் போய் மதர்போர்டோடு என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டவர்கள்.

1366 x 768 திரையை எடுத்துவிட்டு ஃபுல் எச்டி ஐபிஎஸ் போட முடியுமா?

பல லேப்டாப்புகளில் முடியும், கேபிளைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். இடிபி கேபிளுக்குள் தகவல் போகும் தடங்கள் உண்டு. குறைந்த புள்ளித் திரைக்கு ஒரு தடம் போதும் என்று ஒரு தடத்துக்கு மட்டும் கம்பி வைத்த கேபிள்கள் நிறைய. ஃபுல் எச்டிக்கு வழக்கமாக இரண்டு தடம் வேண்டும். ஒற்றைத் தடக் கேபிளில் ஃபுல் எச்டி பேனலை மாட்டினால் படம் வராது, அல்லது குறைந்த அளவில் தடுமாறும். அதே மாடலில் ஃபுல் எச்டி வகையும் விற்றிருந்தால் அதன் கேபிளை வாங்கி மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விற்காத மாடலாக இருந்தால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

'ஏ பிளஸ் கிரேடு' என்று விற்கும் பேனலை நம்பலாமா?

'ஏ பிளஸ்' என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் இல்லை. விற்பவர் சொல்வதுதான் கிரேடு. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் அந்தப் பெயரில் பத்துப் பேனல் வாங்கினேன். நான்கில் ஸ்டிக்கரின் கீழ் வேறொரு ஸ்டிக்கர் இருந்தது. மேலே ஐபிஎஸ் எண், அடியில் டிஎன் எண். திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அந்த நான்கையும் யாருக்கும் பொருத்தவில்லை. நஷ்டத்தை நானே ஏற்றேன். அதிலிருந்து ஒவ்வொரு பேனலையும் இப்படித்தான் பார்க்கிறேன். கனெக்டரின் தங்க நிறப் பின்களில் உரசல் கோடு இருந்தால் ஏற்கெனவே ஒரு முறையாவது மாட்டிக் கழற்றியது. காதுகளின் திருகுத் துளையைச் சுற்றி வட்டத் தடம் இருந்தால் பழையது. கீழ்ப்பக்க சர்க்யூட்டை மூடும் நாடா சுருங்கியோ இரண்டு அடுக்காகவோ இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். பழைய பேனலைப் பழையது என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால் அதில் தவறில்லை. கையில் பணம் குறைவாக இருக்கும் மாணவருக்கு நானே அப்படிப் பொருத்தியிருக்கிறேன்.

ஒரே ஒரு புள்ளி செத்திருக்கிறது. மாற்றிக் கொடுப்பார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். ஐஎஸ்ஓ 9241-307 என்ற தரத்தில் பேனல்களுக்கு வகுப்புகள் உண்டு. இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரியும் புள்ளி இரண்டும் எப்போதும் இருண்ட புள்ளி இரண்டும் வரை ஏற்கத்தக்கது. ஃபுல் எச்டியில் இருபது லட்சத்துக்கும் மேல் புள்ளிகள் இருக்கின்றன, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உத்தரவாதத் தாளில் எத்தனை என்று எழுதியிருப்பார்கள், வாங்கும் முன் படியுங்கள்.

144 ஹெர்ட்ஸ் தேவையா?

விளையாடுபவருக்குத் தேவை. மற்றவர்கள் அந்தப் பணத்தை வண்ணத்திலும் வெளிச்சத்திலும் போடுங்கள்.

எப்படித் துடைப்பது?

நம் பக்கத்துச் செம்மண் தூசி நெருநெருவென்று இருக்கும். எடுத்தவுடன் துணியை அழுத்தித் தேய்த்தால் திரையின் மேற்பூச்சில் கீறல் விழும். முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் திரவம் வேண்டாம். திரைமேல் எதையும் நேராகத் தெளிக்கவும் வேண்டாம். வழிந்து கீழே இறங்கினால் சர்க்யூட் அங்கேதான் இருக்கிறது.

கழற்றிய பழைய பேனலை என்ன செய்வது?

மிகப் பழைய லேப்டாப் என்றால் பின்விளக்கு மெல்லிய குழல் விளக்காக இருக்கும். அதற்குள் பாதரசம் உண்டு. குப்பையில் போடாதீர்கள், உடைக்காதீர்கள், மின்கழிவு எடுப்பவரிடம் முழுதாகக் கொடுங்கள். எல்இடி வந்த பிறகான பேனல்களில் அந்த ஆபத்து இல்லை.

உடைந்தது முன் கண்ணாடி மட்டும் என்றால் பின்விளக்குத் தட்டு நன்றாகவே இருக்கும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்காரர் பெட்டகத்திலிருந்து எடுத்த பழைய புகைப்பட நெகட்டிவ்களைப் பார்க்க வழி கேட்டார். உடைந்த 15.6 அங்குலப் பேனல் ஒன்றிலிருந்து கண்ணாடியைப் பிரித்து எடுத்து, ஒளி பரப்பும் தாள்களை அப்படியே விட்டு, எல்இடி பட்டிக்குத் தனியாக மின்சாரம் கொடுத்து ஒரு மரச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்தேன். முதல் நெகட்டிவை வைத்தார். கறுப்பும் வெள்ளையும் தலைகீழாக, முகப்புத் தூண்களுக்கு நடுவே நின்றிருந்தார்கள். வீட்டு ஆச்சி குனிந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகத்தையும் விரலால் தொட்டுப் பெயர் சொல்லத் தொடங்கினார்.